திங்கட்கிழமை குண்டாகிறவர்கள்

பஸ் டிப்போவின் பின்பக்கம், பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கும் சந்தின் கோடியில் ஒரு நீலக் கதவு வரும். மேலே ‘தொலைந்த பொருட்கள்’ என்று எழுதியிருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும் மனுஷரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சுவர் முழுக்கக் குடைகள், தரை முழுக்க டிபன் டப்பாக்கள், ஜன்னலோரம் ஜோடியில்லாத செருப்புகள், ஒரு டம்ளருக்குள் யாரோ மறந்துவிட்டுப் போன பல்செட். இதற்கு நடுவில், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜைக்கடியில் தேடிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்தால் வேறென்ன நினைப்பது?

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது. டிப்போவுக்கு அவர் ‘பாதிக்கதை’.

பட்டப்பெயருக்கு நியாயமான காரணம் உண்டு. ஜனங்கள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகிற புத்தகங்களெல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். வந்த நிமிஷமே முதல் பக்கத்தைத் திறந்துவிடுவார். கதை சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்துப் புத்தகத்துக்குச் சொந்தக்காரர் வந்து நிற்பார். தரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? இப்படியே நாற்பத்தேழு வயதுக்குள் இருநூற்றுச் சொச்சம் நாவல்களின் முன்பாதி அவருக்கு அத்துப்படி. பின்பாதியெல்லாம் ஊருக்குள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தது.

“இங்க கையெழுத்துப் போடுங்க. போட்டாச்சா? இப்ப சொல்லுங்க. அந்த டாக்டர் அவளைக் கட்டிக்கிட்டாரா இல்லையா?”

“நானே அதைப் படிக்கத்தாங்க தேடிட்டு வந்திருக்கேன்.”

“சரி, படிச்சு முடிச்சதும் இந்தப் பக்கம் வந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. வர முடியலைன்னா மறுபடியும் பஸ்லயே விட்டுடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

செய்தித்தாளும் அதே கதைதான். பயணிகள் படித்துவிட்டு இருக்கையில் செருகிவிட்டுப் போகிற தாள்கள் ராத்திரி பஸ் கழுவும்போது சேகரமாகி, மறுநாள் காலையில் அவரிடம் வரும். அதனால் உலகம் அவருக்கு ஒரு நாள் தாமதமாகவே நடந்தது. ஒரு மந்திரி ராஜினாமா செய்து, அதை வாபஸும் வாங்கி, மாலையும் போட்டுக்கொண்ட பிறகு இவர் டிரைவர்களை மடக்கி, “விஷயம் தெரியுமா, மந்திரி போயிட்டாராமே!” என்பார். “அவர் திரும்பி வந்தாச்சு, நீங்க எப்ப வரப் போறீங்க?” என்று டிரைவர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். கோபமே வராது அவருக்கு. “அப்படியா! ஏன் திரும்பி வந்தாராம்?” என்று பஸ் பின்னாலேயே பத்தடி ஓடுவார்.

அவரிடம் ஒரு டைப்ரைட்டரும் இருந்தது. அதுவும் பஸ்ஸில் யாரோ விட்டுப்போனதுதான். குடையை மறக்கலாம், பல்லைக்கூட மறக்கலாம். பன்னிரண்டு கிலோ இரும்பை மடியில் வைத்துக்கொண்டு வந்த ஆள் அதை எப்படி மறந்து இறங்குவான்? அந்தக் கேள்வியை ஆறு வருஷமாக எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டார். கேன்டீன் அக்கா மட்டும்தான் உருப்படியாக ஒரு பதில் சொன்னாள்: “மறக்கலை தம்பி. தப்பிச்சு ஓடியிருக்கான்.”

ஆறு வருஷமாக யாரும் உரிமை கோராததால் அது சட்டப்படி குப்பை ஆனது. அவர் கைக்கு வந்ததும் மறுபடி மெஷின் ஆனது. கட்டைகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, பழைய பல்துலக்கியால் ஒவ்வோர் எழுத்தாகத் தேய்த்துப் பூட்டினார். ‘ண’ மட்டும் கொஞ்சம் மேலே தூக்கி விழும். மற்றபடி ஜோர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் காத்திருக்கும் கூடத்தின் மூலையில் அந்த எடை மெஷின் நின்றுகொண்டிருந்தது.

ஆளுயரத்துக்கு மேல் ஒரு சிவப்பு இரும்புப் பெட்டி. நெஞ்சில் ஒரு கண்ணாடி வட்டம், அதற்குள் வண்ணச் சக்கரம், சுற்றிலும் சின்னச் சின்ன பல்புகள். ஏறி நின்று காசு போட்டால் சக்கரம் சுழன்று, பல்பு மின்னி, டொக்கென்று ஒரு சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் உங்கள் எதிர்காலம். இது அந்தக் காலத்துச் சமாச்சாரம். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதன்மேல் ஏறி நின்றது பூனை ஒன்றுதான்.

மேனேஜரிடம் போய் நின்றார். “சார், அதை ரிப்பேர் பண்ணிப் பாக்கட்டுமா?”

மேனேஜர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வெடிக்குமா?”

“வெடிக்காது சார்.”

“காசு விழுமா?”

“காசு வேண்டாம் சார். பிடியை இழுத்தா சீட்டு வர்ற மாதிரி பண்ணிடறேன்.”

“அப்ப என்னவோ பண்ணித் தொலைங்க.”

இரண்டு மாதம் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தப் பெட்டியின் வயிற்றுக்குள் கழிந்தது. துருப்பிடித்த நெம்புகோல்களைத் தேய்த்து, ஸ்பிரிங்கை நீவி, பார்சல் ஆபீஸிலிருந்து இருபது கிலோ எடைக்கற்களை இரவல் வாங்கி வந்து, ஏற்றி இறக்கி, அணு பிசகாமல் சரிசெய்தார். சீட்டு அடுக்கும் பழைய தட்டு மட்டும் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. பதிலுக்கு ஒரு பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டாக்கி, உள்ளே தொங்கிய கம்பியில் வாகாக ஒரு ஓட்டை இருக்கவே, அதிலேயே திருகி மாட்டிவிட்டார். இந்தக் கம்பியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவர் வைத்துக்கொள்ளவில்லை.

சீட்டுகளுக்கு எதிர்காலம் எழுதத்தான் அவருக்கு மனசு வரவில்லை. தெரியாததை எப்படி எழுதுவது? தெரிந்ததை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் டைப்ரைட்டர் தடதடக்கும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நானூறு புதுச் சீட்டுகளைத் தட்டில் அடுக்குவார்.

‘சாவி, அலமாரி, ஜன்னல் மூன்று சொல்லும் கடல் தாண்டிக் கப்பலில் வந்தவை. வீடு மட்டும் நம்முடையது.’

‘கைத்தையல் ஊசிக்குக் காது தலையில். மெஷின் ஊசிக்குக் காது நுனியில். ஏன் என்று அடுத்த பஸ் வரும்வரை யோசிக்கவும்.’

‘நேற்றைய செய்தி: ஒரு நாட்டில் பிரதமர் மாறிவிட்டார். எந்த நாடு என்று பார்ப்பதற்குள் தாளில் யாரோ டீயைக் கொட்டியிருக்கிறார்கள்.’

‘நாவல். அவள் யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறுகிறாள். பக்கம் 212. மேலே தெரிந்தவர்கள் நீலக் கதவுக்கு வரவும்.’

டிப்போவுக்குத் தலைகால் புரியவில்லை. டியூட்டிக்குப் போகுமுன் ஒன்று, வந்ததும் ஒன்று என்று டிரைவர்களும் கண்டக்டர்களும் பிடியை இழுத்துத் தள்ளினார்கள். எடையைப் பார்க்க ஏறினவர்களைவிடப் பின்பக்கத்தைப் படிக்க ஏறினவர்களே அதிகம். ஊசிக்காது விஷயத்தில் இரண்டு மெக்கானிக்குகள் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

நாலைந்து வாரத்தில் கேன்டீன் அக்கா நீலக் கதவை இடித்துக்கொண்டு வந்தாள்.

“தம்பி, உன் மெஷினுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சா? திங்கள்ல எழுபத்தஞ்சுங்குது, சனிக்கிழமை எழுபத்திரண்டுங்குது. ஆறு நாள்ல மூணு கிலோ எங்கடா போச்சு?”

அவர் கண்கள் பளபளத்தன. “உங்களுக்குமா?”

அப்புறம் கேட்க வேண்டுமா? நோட்டுப் புத்தகம் வந்தது, பென்சில் வந்தது, இருபத்தாறு பேரின் எடையில் வளைகோடு போட்டாகிவிட்டது. எல்லாரும் திங்களன்று கூடுதல், சனிக்கிழமை குறைவு. ஒருத்தர் பாக்கியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கிற மனித உடம்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று முடிவுகட்டி, அதற்குத் ‘திங்கட்கிழமை விதி’ என்று பெயரும் வைத்து, பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் அதைப் போட்டார்கள். நகைச்சுவைப் பக்கத்தில் போட்டார்கள். அவர் அதை மறுநாள்தான் பார்த்தார் என்பதால் ஒரு நாள் நிம்மதியாக இருந்தார்.

இந்த வேடிக்கையெல்லாம் ஒரு பக்கம் நடக்கும்போது, ஒருத்தி மட்டும் வாராவாரம் திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு, கடவுள் முன்னால் நிற்கிற மாதிரி அந்த மெஷின்மேல் நின்றாள். அவள் அவருடைய மச்சினி. மனைவியின் தங்கை, அவர்கள் வீட்டிலேயே இருப்பவள், ஒன்பது வருஷமாகக் கண்டக்டர். அவள் ஒரு விசில் கொடுத்தால் மூன்று தெரு தள்ளி நிற்கிற பஸ்ஸும் கிளம்பிவிடும் என்பதால் பேரே ‘விசில்’.

விசிலுக்கு ஸ்டியரிங் பிடிக்கவேண்டும். அது ஒன்றுதான் ஆசை. கனரக லைசன்ஸ் எடுத்தாயிற்று. டிப்போவில் நடந்த டிரைவர் தேர்வில், குச்சி நட்ட வளைவுக்குள் முழு பஸ்ஸைப் பின்னாலேயே ஓட்டி, ஒரு குச்சியையும் தொடாமல் வெளியே வந்தவள் அவள் ஒருத்திதான். மீசைக்கார ஆண்பிள்ளைகள் நாலு குச்சியைச் சாய்த்துவிட்டு, வெயில் கண்ணைக் கூசியதாகச் சொல்லிக்கொண்டார்கள். மிச்சமிருந்தது உடல் தகுதிச் சோதனை. அதில் ஒரு விதி: நாற்பத்தெட்டு கிலோவுக்குக் குறையக்கூடாது. பவர் ஸ்டியரிங் வந்து எத்தனையோ வருஷமாகிறது, விதிக்கு அது இன்னும் தெரியாது. விசிலோ காற்றடித்தால் படியோரம் நிற்கப் பயப்படுகிற உடம்பு. இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த மாதம் வயது முப்பத்தைந்து. அதற்குமேல் டிரைவர் பட்டியலில் பெயரே ஏறாது. ஆகவே இந்த வியாழக்கிழமைதான் முதலும் கடைசியும்.

ஒன்பது வாரமாக முட்டை, வாழைப்பழம், பால், உருளைக்கிழங்கு என்று அடைத்தாள். திங்கட்கிழமை சீட்டுகள் நாற்பத்தேழிலிருந்து மெல்ல ஏறின. கடைசித் திங்களன்று விழுந்தது நாற்பத்தொன்பது. கூடத்தில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். “மாமா, போதும்ல? இனிமே அந்தப் பாலை என் கண்ணுல காட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு, இரண்டு படியாகத் தாவிப் பஸ்ஸில் ஏறினாள். இரண்டு நாள் வயிற்றுக்கு விடுமுறை கொடுத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷினில் சீட்டு சிக்கிக்கொண்டது. அவர் பெட்டியைத் திறந்து, பிஸ்கட் டின் தட்டிலிருந்த சீட்டுகளை அப்படியே எடுத்து வெளியே வைத்து, சிக்கின சீட்டைக் குறடால் பிடுங்கினார். சரியாகிவிட்டதா என்று பார்க்க, கையால் ஒரு சீட்டைச் செருகி மேலே ஏறிப் பிடியை இழுத்தார். அறுபத்தெட்டு. காலையில் எழுபது இருந்ததே?

சீட்டுகளை அடுக்கினார். ஏறினார். எழுபது. எடுத்தார். அறுபத்தெட்டு. அடுக்கினார். எழுபது. தட்டில் மிச்சமிருந்த சீட்டுகளில் பாதியை எடுத்துவிட்டு ஏறினார். அறுபத்தொன்பது.

கூடத்துத் தரையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கம்பி! மேடையில் ஏறுகிற ஆளின் பாரம் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கி அந்தக் கம்பிக்குத்தான் வந்து சேருகிறது. அங்கே தொங்குகிற ஒரு கிராம், சீட்டில் பதினைந்து கிராமாக ஊதிப்போகும். நானூறு சீட்டு இருநூறு கிராம். இருநூறு கிராமுக்கு மூன்று கிலோ. வாரம் போகப் போகச் சீட்டு தீர்கிறது, ஊரே இளைக்கிறது. எடைக்கல் வைத்துச் சரிபார்த்த அன்று தட்டு காலி. ஆளில்லாதபோது எடை காட்ட அதற்கு முள்ளும் கிடையாது, இருபது கிலோவுக்குக் கீழே சீட்டில் எண்ணே விழாது. யாருக்குத்தான் தெரியும்? திங்கட்கிழமை எல்லாரும் குண்டானது, அவர் எழுதியது அத்தனையும் அவர்கள் தலையில் ஏறினதால்!

விழுந்து விழுந்து சிரித்தார். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இவ்வளவு அழகான தப்பை அவர் ஜென்மத்தில் செய்ததில்லை. நோட்டை எடுத்து, திங்கட்கிழமை விதியைக் குறுக்கே அடித்து, கம்பியின் படத்தைப் போட்டு, பதினைந்துக்கு ஒன்று என்று எழுதி, அடிக்கோடு போட்டு, அடுத்த வரிக்கு உதாரணமாக ஒரு ஆளைத் தேடினார்.

திங்கட்கிழமை காலை, நாற்பத்தொன்பது.

பென்சில் நின்றது. வாயில் சிரிப்பு மிச்சமிருக்கும்போதே நோட்டை மூடிவிட்டு எழுந்தார்.

மெஷினின் கழுத்தில் ‘பழுது. இதுவரை சொன்ன எடையெல்லாம் பொய். தப்பு என்னுடையது’ என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

வீடு மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறைக்குள் ஒருத்தர் போகவேண்டுமென்றால் இன்னொருத்தர் ரிவர்ஸ் எடுக்கவேண்டும். அவர் மனைவி தையல் கடையில் துணி வெட்டுகிறவள். அன்றைக்குச் சீக்கிரம் வந்து, தங்கைக்கு டிரைவர் சட்டை தைத்து முடித்துப் பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, செருப்போட வந்து பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?”

“அது வந்து... ஒரு நெம்புகோலை எடுத்துக்கோ.”

“எடுத்துக்கிட்டேன். யார் தலையில போடணும்?”

“என் தலையிலதான்” என்றார் அவர். அப்புறம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். தட்டு, கம்பி, நானூறு சீட்டு. கடைசியில், “விசில் நாப்பத்தொன்பது இல்ல. நாப்பத்தாறு.”

மனைவி ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தாள். “போன வாரம் அளவெடுத்தப்பவே சொன்னேனா இல்லையா? இடுப்புல கால் இன்ச் ஏறலைன்னு சொன்னேனா இல்லையா? அப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

“டேப்பு சமயத்துல இழுபடும், மெஷின் பொய் சொல்லாதுன்னேன்.”

“நல்லா சொன்னீங்க.”

விசில் உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. கண்ணாடிச் சட்டத்தின் விளிம்பில் வரிசையாகச் செருகி வைத்திருந்த ஒன்பது சீட்டுகளையும் ஒவ்வொன்றாக உருவினாள். கடைசிச் சீட்டைத் திருப்பி, சாவி, அலமாரி, ஜன்னல் என்று வாய்க்குள் படித்தாள்.

“முன்பக்கம் பொய். இந்தப் பக்கமாவது நிஜமா மாமா?”

“அது நிஜம்மா. அது சத்தியமா நிஜம்.”

“நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு கிலோ வேணும்” என்றாள் அவள், பஸ்ஸில் சில்லறை கேட்கிற குரலில். “எங்க போய் வாங்கறது?”

மனைவி எழுந்துபோய் இரண்டு தண்ணீர் பாட்டில்களை எடுத்து வந்து, மேஜைமேல் நங்கென்று வைத்தாள். “ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. இதுக்கு நெம்புகோல் வேணுமா?”

“அது எப்படி அவ்ளோ கச்சிதமா ஒரு கிலோன்னு பாத்தா,” அவர் முகம் மலர்ந்தது, “முதன்முதல்ல கிலோவையே தண்ணியை வெச்சுத்தான்...”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கினார். விழுங்கிவிட்டு, “ஆனா அது சரியா?” என்று முணுமுணுத்தார்.

“மாமா, குச்சியைச் சாய்ச்சவனெல்லாம் பாஸாகப் போறான். சாய்க்காத என்னை ஒரு பிஸ்கட் டின் கவுத்துடுச்சு. இதுல நீங்க சரி தப்பு பேசறீங்க?”

அவர் மறுநாளுக்கு லீவு எழுதினார்.

போக்குவரத்துத் துறை ஆஸ்பத்திரியின் நீளமான பெஞ்சில் விசிலோடு சேர்த்து எட்டுப் பேர். அவள் பெயர் பட்டியலில் எட்டாவது. இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் ஆறு முட்டையை உள்ளே தள்ளிவிட்டு, ஒன்பதரைக்குள் இரண்டு பாட்டிலையும் காலி செய்திருந்தாள். பத்து மணிக்கு வரவேண்டிய டாக்டர் பத்தேமுக்காலுக்கு வந்தார். வந்ததும் டீ குடிக்கப் போனார்.

“எப்படிம்மா இருக்கு?”

“டீசல் டேங்க் மாதிரி இருக்கு. பேசாதீங்க. சிரிக்கவும் வைக்காதீங்க.”

கண் பரிசோதனை, ரத்த அழுத்தம், அதற்கப்புறம் எடை. எடை பார்க்கும் இடம் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அதைப் பார்த்ததும் பாதிக்கதைக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்படி ஒரு தராசை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆள் நிற்க மரப் பலகை. மேலே பித்தளைக் கோல், தலைமுடி மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகள், இரண்டு நகரும் குண்டுகள். கோலின் கீழே, ஒரு வேலையும் இல்லாத இடத்தில், அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்த ஒரு கொக்கி. எதற்கு அந்தக் கொக்கி? குண்டுகளை மாட்டவா? அதற்கு உயரம் பத்தாது. விளக்கு தொங்கவிடவா? அவர் தம்மையறியாமல் பெஞ்சின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

“மாமா,” பல்லைக் கடித்துக்கொண்டு விசில் சொன்னாள், “அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வாயைத் திறந்தீங்க, கொன்னுடுவேன்.”

“திறக்க மாட்டேன்.”

தராசுக்குப் பொறுப்பு ஒரு வயதான நர்ஸம்மா. ஒவ்வொருத்தருக்கும் குண்டை நகர்த்தி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி நகர்த்தி, எழுதி, ஊதி, மூடி வைப்பாள். ஐந்தாவது ஆள் தொண்ணூற்றிரண்டு கிலோ. “அந்தாள்கிட்டேர்ந்து ரெண்டு கிலோ வெட்டி எடுத்துக்கலாமா?” என்றாள் விசில். நெற்றியெல்லாம் வியர்வை. ஆறாவது ஆளுக்குக் கோல் ஆடி அடங்க ஒரு யுகம் ஆனது. ஏழாவது ஆள் சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து வைக்க மறந்து, திரும்ப ஏறினான். விசில் இரண்டு முழங்காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, மேலே சுற்றும் மின்விசிறியை உற்றுப் பார்த்தபடி, டிப்போவிலிருந்து பழைய பாலம் வரைக்கும் உள்ள எல்லா நிறுத்தங்களையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது பெயர் வந்தது. எழுந்து நடந்தாள். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்தவள் மாதிரி நடந்தாள். பலகையில் கால் வைக்கப் போகிற நேரத்தில் நர்ஸம்மா கோலின்மேல் கையை வைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

“நானும் அப்போதேர்ந்து பாக்கறேன். தராசைப் பாக்கத் தெரிஞ்சவர் மாதிரி பாக்கறீங்களே?”

பாதிக்கதை எழுந்து நின்றார்.

நர்ஸம்மாவின் முகம் கனிந்தது. “இருபத்திரண்டு வருஷமா இந்த ரூம்ல இருக்கேன் சார். ஒருத்தர் இதை நிமிந்து பாத்ததில்ல. இந்தக் கொக்கி எதுக்குன்னு ஒரு ஆள் கேட்டதில்ல. அது பெரிய கதை. உங்களுக்குத் தெரியுமா அது எதுக்குன்னு?”

அவருடைய நாக்கு நுனிக்கு ‘தெரியாதே, சொல்லுங்க’ வந்துவிட்டது. ஆயுசு முழுக்க அவர் சொல்லிவந்த பதில் அது. அதைச் சொன்னால் அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆதியிலிருந்து ஆரம்பிப்பாள் என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. விசிலைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. பின்கழுத்து மட்டும் விறைத்து, காது மடல் சிவந்திருந்தது. அக்கா வெட்டித் தைத்த சட்டையின் ஓரத்தை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது.

“தெரியும் சிஸ்டர்” என்றார் பாதிக்கதை.

நர்ஸம்மாவின் முகம் விளக்கணைத்தாற்போல் ஆனது. “ஓ” என்றாள். “தெரிஞ்சா சரி.” திரும்பிக்கொண்டாள். அவர் தன்னை இவ்வளவு அற்பமாக என்றைக்கும் உணர்ந்ததில்லை.

விசில் ஏறினாள். பெரிய குண்டு நாற்பதில் போய் உட்கார்ந்தது. சின்னக் குண்டு ஆறு, ஏழு என்று நகர்ந்தது. கோல் அசையவில்லை. எட்டு. கோல் ஒருமுறை சோம்பல் முறித்தது. நர்ஸம்மா நகத்தால் தட்டினாள். இன்னும் ஒரு கோடு. பித்தளை முனை மெல்ல இறங்கி, ஆடி, ஆடி, நடுவில் நின்றது.

“நாப்பத்தெட்டு. நூறு கிராம்.” எழுதினாள், ஊதினாள், மூடினாள். நிமிராமலேயே, “பாத்ரூம் இடது பக்கம் கடைசி. ஓடாதம்மா, தரை வழுக்கும்” என்றாள்.

விசில் ஓடினாள்.

அறை காலியானது. அவர் வாசல்படியில் தயங்கி நின்று, அசடு வழிய உள்ளே வந்தார்.

“சிஸ்டர்.”

“என்ன?”

“தெரியும்னு சொன்னேனே, பொய். எனக்குத் தெரியாது. அவளுக்கு அவசரம், அதனால சொல்லிட்டேன். அந்தக் கொக்கி எதுக்குங்க?”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு காலால் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“உக்காருங்க. ஒரு காலத்துல இங்க பிரசவ வார்டும் இருந்துச்சு. அந்தக் கொக்கியில ஒரு துணித் தூளியை மாட்டுவாங்க. டிரைவர், கண்டக்டர் வீட்டுப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் மொத எடை இதுலதான். எங்கப்பாவும் டிரைவர். நான் ரெண்டே முக்கால் கிலோ.”

“ஆஹா!” என்றார் பாதிக்கதை. “இருங்க இருங்க. தூளியோட எடையை எப்படிக் கழிச்சாங்க?”

கால் மணி கழித்து விசில் முத்திரை விழுந்த தாளோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவர் பலகையின் கீழே தலையை விட்டுப் படுத்திருந்தார். நர்ஸம்மா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். விசில் அப்படியே வெளியே வந்து, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

“பாஸ்... ஆமா, நூறு கிராம் மிச்சம்... ஏய், அழாத, தையல்ல கண்ணீர் விழுந்து கறையாயிடும்... இல்ல, இப்ப வர முடியாது. மாமா உள்ள கேள்வி கேட்டுட்டு இருக்காரு... நேரமாகும்னுதான் நினைக்கறேன்... வேணாம், கூப்பிடல. கேக்கட்டும். நான் இருக்கேன்.”